ஒரே யந்திரத்தின் பல பிறவிகள்

தாம்பரத்தைக் கடந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில், ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் மோட்டார் வண்டிகளை உற்பத்தி செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஸ்தாபனத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர்க்கு முதலில் தென்படுவது, வான்கார்டு, டென், பென்னன்ட், ஹெரால்டு, கெஸல் என நீளும் வண்டிகளின் பெயர்வரிசை. ஆழ்ந்து நோக்கினால் புலப்படுவதோ, அப்பெயர்களுக்கெல்லாம் அடியில் மாறாமல் ஓடிய இரண்டே யந்திர வம்சங்கள். வண்டி மாறியும் எஞ்சின் மாறாத அந்த நிலைமையே, ஒரு வருஷத்து வண்டியின் உறுப்பை மற்றொரு வருஷத்து வண்டியில் பொருத்தி ஓட்டும் வித்தைக்கு இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவில் இடம் தந்தது என்பது என் துணிபு.

பெரிய வம்சத்தின் மூலம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த கையோடு அங்கிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி வகுத்த அந்த நாலு சிலிண்டர் எஞ்சின், வான்கார்டு காரை இழுத்ததோடன்றி, பெர்குசன் டிராக்டரில் அமர்ந்து வயலையும் உழுதது, டிரயம்ப் டி.ஆர். 2 என்னும் ஸ்போர்ட்ஸ் காரிலும் ஏறிற்று. இத்தனை வேஷங்களை அது தரிக்க முடிந்ததற்குக் காரணம் அதன் லைனர் அமைப்பு. சிலிண்டர்கள் பிளாக்கோடு ஒன்றாக வார்க்கப்படாமல், குளிர்விக்கும் நீர் நேரே சூழ்ந்து நிற்கும் தனித்தனிக் குழல்களாக உள்ளே இறக்கப்பட்டிருந்தன. 92 மில்லிமீட்டர் நீளமுள்ள பிஸ்டன் ஓட்டத்தை மாற்றாமல், லைனரின் உள்விட்டத்தை 76 மில்லிமீட்டராக வைத்தால் 1,670 சி.சி., 83 ஆக வைத்தால் 1,991 சி.சி., 85 ஆக வைத்தால் 2,088 சி.சி. என, ஒரே பிளாக்கிலிருந்து பல எஞ்சின்களைப் பெறலாம். தேய்ந்துபோன எஞ்சினைத் துளைத்துப் பெரிதாக்க வேண்டிய அவசியமும் இல்லை. லைனரையும் பிஸ்டனையும் உருவிப் புதிதாகப் போட்டால் யந்திரம் மறுபிறவி எடுத்துவிடும்.

சிறிய வம்சம் 1953-இல் ஸ்டாண்டர்டு எயிட் வண்டியின் 803 சி.சி. எஞ்சினாகத் தொடங்கி, மறுவருஷமே டென் வண்டிக்காக 948 சி.சி. ஆக விரிந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டு வெளிவந்தது 1959-இல். அங்கே அதன் எஞ்சின் 1,147 சி.சி., 1,296 சி.சி. எனப் படிப்படியாகப் பெருத்தது. 1961 முதல் வண்டலூரில் உருவான ஹெரால்டிலோ, பிறகு 1970-களின் தொடக்கத்தில் வந்த கெஸலிலோ அவ்வளர்ச்சி நிகழவில்லை. அந்நியச் செலாவணிப் பஞ்சமும், இறக்குமதிக் கட்டுப்பாடும், லைசென்ஸ் முறையும் ஒருசேர அழுத்திய அந்நாளில், கையிலிருக்கும் வார்ப்பச்சையும் கடைசல் யந்திரத்தையும் கொண்டே காலம் தள்ளுவது தொழிற்சாலைக்கு நிர்ப்பந்தமாயிற்று. முதலாளிக்கு நிர்ப்பந்தமாக வந்தது பட்டறைக்காரனுக்கு அநுகூலமாக அமைந்தது.

இவ்விடத்தில் கடற்கரையின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை வீசும் உப்புக்காற்று, கார் எஞ்சினைக் காட்டிலும் அதன் மேனியையே முதலில் தின்னும். எண்ணெயில் ஊறிய யந்திரம் திடமாக இருக்கும்போதே, கதவின் அடித்தகடும் தரைத்தகடும் துருவேறி உதிர்ந்துவிடும். இத்தாலியரான ஜியோவான்னி மிகெலாட்டி வடிவமைத்த ஹெரால்டோ, தனிச் சேஸிஸின்மீது உடல் பாகங்களைப் போல்ட்டுகளால் முடுக்கிச் சேர்த்த வண்டி. முன்மூடி முழுவதும் ஒருங்கே முன்பக்கம் கவிழ்ந்து திறந்துகொள்ள, எஞ்சினும் முன்சக்கரங்களும் மெக்கானிக்கின் கைக்கு எட்டும்படி வெளிப்பட்டு நிற்கும். பிரிப்பதற்கென்றே செய்ததுபோன்ற அவ்வண்டியில், கெட்டதைக் கழற்றிவிட்டு நல்லதை ஏற்றுவது இயல்பான காரியம். ஆயினும் எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்திவிடுவதில்லை. கெஸலின் பின்புறத்தில் ஹெரால்டின் தனியியக்க அச்சுக்குப் பதிலாக ஒரே இறுகிய அச்சு வந்துவிட்டபடியால், எஞ்சின் ஒன்றாயிருந்தும் பின்பாகம் வேறாயிற்று. எது எதில் சேரும், எது எதில் சேராது என்னும் இந்த விவேகமே பட்டறை வித்தையின் ஜீவன். அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில், பட்டறைகளில் பதப்படுத்தப்பட்ட ஹெரால்டுகள் சீறிப் பாய்ந்ததும் அந்த விவேகத்தின் பயனே.

பட்டறையில் சாதாரணமாக நடந்த இக்காரியத்தை 1985-இல் தொழிற்சாலையே பெரிய அளவில் செய்ய முற்பட்டது. 1977-ஆம் வருஷத்துக்கு ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதைப் பெற்ற ரோவர் எஸ்.டி. 1 வண்டியின் உடலை எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் அதற்குக் கம்பீரம் தந்த 3,528 சி.சி. எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குப் பதிலாக, வான்கார்டு வழிவந்த பழைய 1,991 சி.சி. எஞ்சினை அதில் அமர்த்தி, ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெயரோடு விற்பனைக்கு அனுப்பினார்கள். அக்காலத்தில் இது ஒருவர் மட்டும் செய்த காரியமுமன்று: ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பழைய வாக்ஸால் உடலில் அம்பாஸடர் எஞ்சினை வைத்துக் கான்டெஸாவையும், பிரிமியர் கம்பெனி பியட் 124-இன் உடலில் நிஸான் எஞ்சினை வைத்து 118 என்.இ. வண்டியையும் வெளியிட்டன. ஆனால் உழவுக்கும் சுமைக்கும் உகந்த நிதானமான யந்திரம், அதிவேகத்துக்கென வகுத்த கனத்த உடலை எதிர்பார்த்தபடி இழுக்கவில்லை, விலையோ அதிகம். சில வருஷங்களுக்குள் அவ்வண்டியும், அதனோடு வண்டலூரின் கார் உற்பத்தியும் முடிவுக்கு வந்தன. நூற்றாண்டு திரும்பிய பின் எஞ்சியிருந்த சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தபோது, உதிரிபாகங்களை வாங்கிச் சென்றது இங்கிலாந்தின் ரிம்மர் சகோதரர்கள் நிறுவனம்; இங்கே பொருந்தாமற்போன பொருள் அங்கே பழைய ரோவர்களைப் பேணுவோர்க்குப் பொக்கிஷமாயிற்று.

இந்த ஜில்லாவில் மோட்டார்த் தொழில் அத்துடன் அற்றுப்போகவில்லை. மறைமலைநகரில் போர்டு கம்பெனி 1999 முதல் ஐகான் முதலிய வண்டிகளை உற்பத்தி செய்து 2022-இல் நிறுத்திற்று. எனினும் இக்கால எஞ்சின், தன்னை ஆளும் மின்னணுப் பெட்டியோடும் சாவியோடும் சங்கேதத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால், போல்ட்டுகள் சேர்ந்தாலும் வண்டி கிளம்புவதில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், பதிவுப் புத்தகத்துக்கு மாறான மாற்றங்களைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துகிறது. ஜனங்களின் உயிரைக் காக்கும் அவ்விதியை நான் குறைகூறமாட்டேன்.

ஆனால் ஒன்றை வற்புறுத்துவேன். பெரும் பொருள் செலவிட்ட தொழிற்சாலை தவறிய இடத்தில், ஒரு ஸ்பானர் பெட்டியோடு பட்டறைக்காரன் தவறாமல் நின்றதற்குக் காரணம், சேர்க்கை என்பது அளவொத்தவற்றுக்கிடையே மட்டும் நிலைக்கும் என்பதை அவன் தன் கையாலேயே கற்றிருந்ததுதான். எந்த லைனர் எந்தப் பிளாக்கில் இறங்கும், எந்த அச்சு எந்தச் சேஸிஸை ஏற்கும் என்று புத்தகமின்றிச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சிற்பிகளின் உளியைப் போற்றும் இந்தக் கடற்கரை ஜில்லா, அம்முதியவர்களின் வாய்மொழியையும் எழுதிவைத்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. தொழிற்சாலைகளின் பெயர்களை மட்டும் குறித்துவைக்கும் தொழில் சரித்திரம் பாதிச் சரித்திரமே.