முதல் கெடாத அறம்

'சிவன் சொத்து குலநாசம்' என்னும் பழமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். ஆயினும், சிவன் சொத்து என்பது யாது, அதனை உழும் குடிக்கு உரிய பங்கு யாது என்று ஆராய்ந்தோர் சிலரே. கடனாநதி பாயும் ஆழ்வார்குறிச்சியில், வன்னியப்பர் திருவடி நீழலில் வாழும் நாம் இதனை அறிதல் கடனாகும்.

அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியரின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. இளங்கோக்குடித் திருப்போத்துடையார்க்கு மன்னர் 290 காசு அளித்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரு கலமாக 580 கலம் நெல்லைச் சபையார் அளந்து வழிபாடு நடத்த வேண்டும். முதலோ கெடாது நிற்க வேண்டும். இதுவே அறக்கட்டளையின் உயிர்நிலை.

நிலக்கொடையிலும் ஒரு நுட்பம் உண்டு. அரசர் தேவதானமாக அளித்தது பெரும்பாலும் தமக்குரிய மேல்வாரமே. உழுதவனின் குடிவாரம் அவனிடமே நின்றது. ஆகவே ஒரே வயலில் இறைவனுக்கும் குடியானவனுக்கும் உரிமை இருந்தது. இரு வாரமும் கோயிலுக்கே உரியதாயின் அது இருவாரம் எனப்பட்டது.

கும்பெனியார் 1802 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையால் வரி தண்டிய பாளையக்காரர்களை நில உடைமையாளராகிய ஜமீன்தார்களாக்கினர். குடிகளின் உரிமை மங்கிற்று. 1908 ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் குடிகளுக்குச் சாகுபடி உரிமையை உறுதி செய்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்முறையே ஒழிந்தது. 1963 ஆம் ஆண்டுச் சட்டங்களால் இனாம்களும் ஒழிக்கப்பட்டன. மேல்வாரம் மட்டும் கோயிலுக்கு இருந்த நிலங்களில் குடிவாரம் உடையவர் பட்டாப் பெற்றனர். கோயிலுக்குத் தஸ்திக் என்னும் ஆண்டுத் தொகை வகுக்கப்பட்டது.

உழுதவன் பட்டாப் பெற்றது நீதியே. ஆனால் வரகுணர் வகுத்தது நெல், தஸ்திக்கோ பணம். பணத்தின் மதிப்பு இறங்கினால் அத்தொகைக்குக் கிடைக்கும் நெல்லும் குறையுமன்றோ? ஆதலின், கோயிலிடம் எஞ்சியுள்ள நிலமே இன்று நித்திய பூசைக்கு ஆதாரம்.

அந்நிலத்தை ஆணையரின் அனுமதியின்றி விற்றாலும், அடகு வைத்தாலும், ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது என்பது 1959 ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு. அதுபோலவே, குத்தகையை ஒழுங்காக அளக்கும் உழவனை நினைத்தபோது வெளியேற்றவும் இயலாது. 1955 ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்குக் காப்பு.

ஆகவே அப்பழமொழி ஏழைக் குத்தகைதாரனை அச்சுறுத்த எழுந்ததன்று. அளக்க வல்லவராயிருந்தும் அளவாதாரையும், காக்க வேண்டியவராயிருந்தும் கவர்வாரையும் நோக்கியது அது. திருவிழாக் காணவந்த அன்பர்களே! தேர்வடம் பிடிக்கும் கை, இறைவனின் பங்கையும் தவறாது அளக்கட்டும். முதல் கெடாதிருந்தால் விளக்கும் அணையாது.

திருச்சிற்றம்பலம்.