ப்ரெஞ்ச் ட்ரெய்னுக்கும் பிரான்ஸுக்கும் சம்பந்தம் இல்லை

இன்னைக்கு எபிசோட் பேஸ்மென்ட்டுக்குள்ள தண்ணி வர்றதைப் பத்தி. நம்ம ஊர்க் கொத்தனார்கிட்ட பேஸ்மென்ட்னு சொன்னா, மண் நிரப்பி உயர்த்துற அடித்தளத்தைத்தான் நினைப்பார். நான் சொல்றது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிற அறை.

இதுல எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த கெமிக்கல் பூசலாம்?" ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. தண்ணியைத் தடுக்கப் போறோமா, இல்ல வழிவிடப் போறோமா?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கிட்ட ஒருத்தர் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர்ல இருந்தார். பேரு ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச். தொழில்ல வக்கீல், நீதிபதி. ஆர்வம் எல்லாம் விவசாயத்துல. 1859-ல பண்ணை நிலங்கள்ல தண்ணியை வடிக்கிறது எப்படின்னு ஒரு புத்தகம் போட்டார். இன்னைக்கு நாம சொல்ற 'ப்ரெஞ்ச் ட்ரெய்ன்' இவரோட பேர்லதான் வருது. வாஷிங்டன்ல உட்கார்ந்த நிலையில இருக்கிற பிரம்மாண்டமான லிங்கன் சிலையைப் பார்த்திருப்பீங்க. அதை வடிவமைச்ச டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் இவரோட மகன்.

பண்ணைப் புத்தகத்துல வீட்டு நிலவறைக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. காரணம் சிம்பிள். அந்த ஊர்ப் பனிக்காலத்துல உருளைக்கிழங்கும் ஆப்பிளும் உறையாம இருக்கணும்னா நிலவறைதான் கதி. அங்க தண்ணி தேங்கினா சாப்பாடு அழுகும், வீட்டுல இருக்கிறவங்க உடம்பும் கெடும். அப்பவே சிலர் சிமென்ட் பூசி அடைச்சுப் பார்த்தாங்க. அது வேலைக்கு ஆகாதுன்னு ஃபிரெஞ்ச் தெளிவா எழுதிட்டார்.

ஏன் ஆகாது? கணக்கு போட்டுப் பாருங்க. 1 மீட்டர் உயரத் தண்ணி, ஒரு சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம் கொடுக்கும். உங்க பேஸ்மென்ட் தரை 5-க்கு 5 மீட்டர், நிலத்தடி நீர் அந்தத் தரையை விட 1 மீட்டர் மேல நிக்குதுன்னா, கீழேயிருந்து 25 டன் தள்ளுது. ஏறக்குறைய 25 சின்ன கார்களோட எடை! உள்பக்கம் அடிச்ச பெயின்ட்டை அந்த அழுத்தம் பின்னாலிருந்து உரிச்சு எடுத்துடும். கோட்ல எர்ரர் வந்தா காலியா ஒரு கேட்ச் பிளாக் போட்டு மறைக்கிற மாதிரிதான் இது. எர்ரர் போகாது, கண்ணுல படாது, அவ்வளவுதான்.

ஃபிரெஞ்ச் சொன்ன வழி: பள்ளம் தோண்டு, சுட்ட மண் குழாயைச் சரிவா பதி, தாழ்வான இடத்துக்குத் தண்ணியைக் கொண்டு போ. அழுத்தம் சேர்றதுக்கு முன்னாடியே தண்ணி கிளம்பிடும். இன்னைக்கு மண் குழாய்க்குப் பதிலா ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய், சுத்தி ஜல்லி, மண் புகாம ஒரு துணி.

அப்போ தடுக்கிறதே தப்பா? இல்ல. சுமார் 4,500 வருஷத்துக்கு முன்னாடி மொகஞ்சதாரோவோட பெரிய குளத்தைக் கட்டினவங்க தடுத்துக் காட்டியிருக்காங்க. அவங்க பிரச்சினை தலைகீழ்: தண்ணி வெளியே கசியக் கூடாது. உள்பக்கச் செங்கல் சுவருக்குப் பின்னாடி நிலக்கீல் படலம், அதுக்கும் பின்னாடி இன்னொரு செங்கல் சுவர். தண்ணி தள்ளினா படலம் போய்ச் சாய ஒரு சுவர் இருக்கு. சூத்திரமே அதுதான். பேஸ்மென்ட்ல தண்ணி வெளியேயிருந்து தள்ளுது. அதனால படலம் சுவரோட வெளிப்பக்கம் இருக்கணும். அதே குளத்துக்கு ஒரு வடிகாலும் வெச்சிருக்காங்க பாருங்க!

பிரிட்டனோட பி.எஸ். 8102 தரநிலை இன்னைக்கு மூணு வழி சொல்லுது. ஏ: தண்ணி புகாத படலம். பி: கான்கிரீட்டையே நீர்புகாம கட்டுறது. சி: உள்ளே வர்ற தண்ணியைப் பிடிச்சு வெளியேத்துறது. புதுசா கட்டினா மூணுமே கைக்கு எட்டும், சேர்த்தும் செய்யலாம். கட்டி முடிச்ச வீட்டைச் சுத்தித் தோண்ட முடியலைன்னா, பெரும்பாலும் சி-தான் கை கொடுக்கும்.

ஆனா ஒரு சிக்கல். ஃபிரெஞ்ச் சொன்ன வழிக்குச் சரிவு வேணும். சென்னை மாதிரி தட்டையான ஊர்ல தண்ணியைத் தானா ஓட விட இடம் கிடைக்கிறது கஷ்டம். சம்ப் தொட்டி கட்டி, மோட்டார் வெச்சு இறைக்கணும். கனமழை அன்னைக்குத்தான் கரன்ட்டும் போகும். அதனால பேட்டரியோ ஜெனரேட்டரோ, கூடவே இன்னொரு மோட்டாரும் அந்த எஸ்டிமேட்லயே வரணும்.

அடுத்த தடவை யாராவது கேட்லாக் பக்கத்தைத் திறந்து "பத்து வருஷ கேரன்ட்டி சார்"னு ஆரம்பிச்சா, மூணு கேள்வி கேளுங்க. மழைக்காலத்துல இங்க நிலத்தடி நீர் எவ்வளவு மேல வரும்? நீங்க பூசுறது சுவருக்கு எந்தப் பக்கம்? அதையும் தாண்டி உள்ளே வர்ற தண்ணி எங்க போகும்? மூணுக்கும் பதில் வந்த பிறகு விலை பேசுங்க.