கதவுச் சட்டத்தில் ஒரு குறிப்பு

அமெரிக்காவில் ஒரு பழைய பிக்கப் டிரக்கின் ஓடோமீட்டர் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிசெய்தபின் முன்பிருந்த எண்ணையே மீண்டும் காட்டும்படி அமைக்க இயலவில்லை என்றால், அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் இரண்டு செயல்களை விதிக்கிறது. எண்ணைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். பழுதுபார்ப்பதற்கு முன்பிருந்த மைல் கணக்கையும் அன்றைய தேதியையும் எழுதி, இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளை மாற்றினால் எவரும் இப்படி எழுதிவைக்கச் சொல்வதில்லை. இந்த ஓர் உறுப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு சடங்கு? விடை தேட நாம் நெடுந்தூரம் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தமது பத்தாம் நூலில் தொலைவை அளக்கும் வண்டி ஒன்றை விவரிக்கிறார். சக்கரத்தின் விட்டம் சுமார் 4 அடி. ஒரு சுற்றில் அது பன்னிரண்டரை அடி உருளும். 400 சுற்றுகள் சேர்ந்தால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போது பற்சக்கரங்கள் ஒரு துளையைத் திறந்துவிட, ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் ஓசையுடன் விழும். பயண முடிவில் கற்களை எண்ணினால் போதும். சீனத்திலும் இத்தகைய வண்டிகள் இருந்தன. அங்கே ஒவ்வொரு 'லீ' தொலைவுக்கும் ஒரு மரப்பொம்மை முரசு கொட்டிற்று. வழிப்போக்கனின் களைப்பும் ஆவலும் தொலைவைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும். கல்லுக்கும் முரசுக்கும் அந்தக் குறை இல்லை.

இதை நேரடியாக உணர்ந்தவர் வில்லியம் கிளேட்டன். 1847இல் மார்மன் சமயத்தாரின் முன்னோடிக் குழு மேற்கு நோக்கிப் பயணம் செய்தபோது, அன்றன்று கடந்த தொலைவைக் குறிக்கும் பணி அவருடையது. அவர் மதிப்பீட்டுக்கும் மற்றவர்களின் மதிப்பீட்டுக்கும் ஒத்துவரவில்லை; மற்றவர்கள் கூட்டியே சொன்னார்கள். ஒரு வண்டிச் சக்கரத்தின் சுற்றளவை அளந்தார்: 14 அடி 8 அங்குலம். 360 முறை சுழன்றால் சரியாக 5,280 அடி, ஒரு மைல். மே 8 அன்று நாள் முழுவதும் வண்டியின் அருகே நடந்து, சக்கரத்தின் சுற்றுகளைத் தாமே எண்ணினார். கணக்கு 4,070. பதினொன்றேகால் மைலுக்குச் சற்றே கூடுதல்.

ஒரு மனிதன் நாளெல்லாம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடக்க இயலுமா? சில நாட்களில் ஆர்சன் பிராட் ஒரு வடிவமைப்பைத் தர, தச்சு அறிந்த ஆப்பிள்டன் ஹார்மன் அதை மரத்தில் செய்து முடித்தார். பத்து மைல் வரை காட்டிவிட்டு மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும் கருவி அது. கிளேட்டன் 1848இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், பின்னால் வந்த குடியேறிகளுக்கு அடுத்த நீர்நிலை எத்தனை மைலில் என்று சொல்லிற்று. பாலைவெளியில் மாடுகளை ஓட்டிச் செல்பவனுக்கு அந்த எண் பொய்க்கக் கூடாது.

மரப்பற்கள் பின்னர் உலோகமாயின. ஒரு சக்கரம் முழுச் சுற்று முடித்ததும் அடுத்த சக்கரத்தை ஓர் இலக்கம் நகர்த்தும் முறையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் தம் கணக்கிடும் கருவியில் கையாண்டிருந்தார். 1890களில் கர்டிஸ் வீடர் சைக்கிளுக்குச் செய்த சிறு எண்ணி, இந்த முறையைச் சாலைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் வண்டி அதை ஏற்றுக்கொண்டது. பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் மைலுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 கடந்தால் மீண்டும் பூஜ்யங்கள். ஒரு லட்சம் மைல் உழைத்த வண்டி புதிதுபோல் தோன்றும் விந்தை அது.

இக்கருவி நின்றுபோவது எப்படி? கியர்பெட்டியிலிருந்து வரும் வளையும் கேபிள் இரண்டு கருவிகளை இயக்குகிறது. வேகமானியின் முள் சுழலும் காந்தத்தின் ஈர்ப்பில் நகர்வது. அங்கே பற்கள் இல்லை. ஓடோமீட்டரோ பற்சக்கரங்களால் ஆனது. ஆகவே முள்ளும் எண்ணும் ஒருசேர நின்றால், கேபிளையோ அதை ஓட்டும் சக்கரத்தையோ முதலில் ஐயுற வேண்டும். முள் ஆடிக்கொண்டிருக்க எண் மட்டும் நின்றால், பழுது டேஷ்போர்டுக்குள். வெயிலிலும் வயதிலும் இறுகிப்போன பிளாஸ்டிக் சக்கரம் பல் உடைந்திருக்கும், அல்லது தன் அச்சில் பிடி தளர்ந்து வீணே வழுக்கும். வண்டி ஓடும்போதே டிரிப் மீட்டரின் பொத்தானை அழுத்துவதும் இதற்கு ஒரு காரணம்.

பழுது நீக்குபவர் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். பின் மீட்டர் தொகுதியைக் கழற்றி, எண்சக்கரங்களின் வரிசை கலையாமல் அச்சை உருவி, உடைந்த பல்சக்கரத்தை மாற்றுகிறார். மீண்டும் பொருத்துமுன் டிரில்லிங் மெஷினைக் கொண்டு சிறிது சுழற்றிப் பார்ப்பவர்களும் உண்டு.

அதே கருவியைப் பின்னோக்கிச் சுழற்றியவரை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். ரோல்ட் டால் 1988இல் எழுதிய 'மட்டில்டா'வில், சிறுமியின் தந்தை பழைய கார்களின் மைல் கணக்கை இப்படித்தான் குறைத்து விற்கிறார். இது கதைக்காகப் புனைந்த குற்றம் அன்று. அமெரிக்காவில் ஆண்டுதோறும் 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான மைல் கணக்குடன் விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிட்டிருக்கிறது. எண்ணைத் திருத்துவதைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1972இல் வந்தது. விற்பவர் மைல் கணக்கை எழுத்தில் உறுதிசெய்யும் படிவத்தில் இரு தனிப் பெட்டிகளும் உண்டு: 'கருவியின் எல்லையைக் கடந்துவிட்டது' என்பது ஒன்று, 'இது உண்மையான மைல் கணக்கு அன்று' என்பது மற்றொன்று.

நின்றுபோன ஓடோமீட்டரின் சிக்கல் இங்குதான் இருக்கிறது. அதைப் பழைய எண்ணிலேயே மீண்டும் ஓடவிட்டாலும், நின்றிருந்த காலத்தில் வண்டி ஓடிய மைல்கள் எங்கும் பதிவாவதில்லை. எந்தக் கைத்திறனாலும் அவற்றை மீட்க முடியாது. பழுது நீங்கிய கருவி, அந்த இடைவெளியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சரியான கணக்குப்போலவே தொடரும். அதை அறிந்தவர் உரிமையாளர் ஒருவரே.

2010ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கும் இன்று விற்பனையின்போது அந்தக் கூட்டாட்சிப் படிவம் கட்டாயமில்லை. பழைய டிரக்கை வாங்க வருபவர் ஒருவேளை கேட்கவும் மாட்டார். ஆயினும் கேட்காமலே சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கிளேட்டன் சக்கரத்தின் பக்கத்தில் நடந்ததும் அதற்காகத்தான்: தமக்குப் பின் அந்த வழியே வருபவர், தம் எண்ணை நம்பிப் புறப்படலாம் என்பதற்காக.