பயன்படுத்திய கார் வாங்குகிறீர்களா? முன்பணம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

"கார் நல்லா ஓடுது, போன மாசம்தான் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆச்சு."

பயன்படுத்திய கார் வாங்கப் போனால் இப்படிச் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்தால் பின்னர் கையைக் கடிக்கலாம்.

கட்டாயச் சோதனை போதாதா?

போதாது. சிங்கப்பூரில் 3 முதல் 10 வயது வரையிலான கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறையும் அதைவிடப் பழையவை ஆண்டுதோறும் சோதிக்கப்படுகின்றன. பிரேக், விளக்கு, புகை என, கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்பதே அங்குப் பார்க்கப்படும். கியர்பாக்ஸ் எவ்வளவு தேய்ந்துள்ளது, கார் முன்பு விபத்தில் சிக்கியதா என்பதை அது சொல்லாது.

வாங்குவோருக்கென்றே தனிச் சோதனை உண்டு. விகாம், எஸ்டிஏ போன்ற நிலையங்களில் கட்டணம் செலுத்திச் செய்யலாம். விற்பவர் அதற்கு மறுத்தால் வேறு கார் பார்ப்பது நல்லது.

நாமே என்ன பார்க்கலாம்?

- எஞ்சின்: நீங்கள் போகும்போது அது சூடாக இருக்கக்கூடாது. முன்கூட்டியே ஓட்டி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆவதில் உள்ள கோளாறு தெரியாமல் போகலாம். நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது என்று பொருள்.
- உடல்பகுதி: பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கதவு இடைவெளிகள் சமமாக இல்லையா? ஒரு பக்கம் மட்டும் சாயம் வேறு மாதிரி இருக்கிறதா? விபத்துக்குப் பிறகு பழுதுபார்த்திருக்கலாம்.
- டயர்: ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பில் பிரச்சினை இருக்கலாம்.
- மைலேஜ்: மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் பெடலும் ஸ்டியரிங்கும் தேய்ந்துபோயிருக்கின்றன. அப்படியென்றால் சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள்.
- ஓட்டம்: கார்ப் பேட்டையைச் சும்மா ஒரு சுற்று சுற்றினால் போதாது. விரைவுச்சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது குலுங்குகிறதா, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள்.

ஆவணங்கள்

எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவு விவரங்களோடு ஒத்துப்போக வேண்டும். இதுவரை எத்தனை முறை கைமாறியது, கடன் பாக்கி உண்டா என்றும் பாருங்கள்.

சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்பது முக்கியம். 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட சான்றிதழை மீண்டும் புதுப்பிக்க முடியாது. 10 வயதைத் தாண்டிய கார்களுக்குச் சாலை வரியும் கூடும்.

வாங்கிய பிறகு கோளாறு வந்தால்?

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் பயன்படுத்திய கார்களுக்கும் பொருந்தும். காரைப் பெற்ற 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது முன்பே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது விற்பனையாளரின் பொறுப்பு. எனினும் வயதுக்கேற்ற தேய்மானத்துக்கும் முன்கூட்டியே உங்களிடம் சொல்லப்பட்ட குறைகளுக்கும் இது பொருந்தாது.

இன்னொன்று: தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. விலை குறைவு என்று அப்படி வாங்குவோர் சோதனைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வர்த்தகருடன் பேசித் தீராவிட்டால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் விசாரிக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை.

அங்குப் பேசப்போவது எழுத்தில் உள்ளதுதான். எனவே "சோதனையில் குறை தெரிந்தால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்பதை, பணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.