தழும்பும் பாம்புக்கடியும்

1992இல் எங்கட பெரியப்பா ஒருத்தர் படுத்த பாயிலேயே போய்ச் சேர்ந்தார். இரவு ஏதோ நுள்ளினமாதிரி இருந்ததாம். கட்டுவிரியன் கடித்தால் பெரிசாய் நோவோ வீக்கமோ இராது. விடியக் கண்மடலைத் தூக்கேலாமல் போச்சு, பிறகு மூச்சு.

உங்கட தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருக்கும். அந்தச் 'சி' அல்பேர் கல்மெத் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1891இல் அவர் சைகோனில் இருந்தபோது, வெள்ளத்தில் நாகங்கள் ஒரு கிராமத்துக்குள் புகுந்து 40 பேரைக் கடித்தன. அதற்குப் பிறகுதான் அவர் விசத்தை ஆராயத் தொடங்கினார். மிருகத்துக்குச் சிறுகச் சிறுக விசம் ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுத்தார். 1894இல் பாரிசில் பிசாலிக்ஸ், பெர்த்திரான் என்ற இருவரும் இதையே செய்து காட்டினவை. பெயரெடுத்தது கல்மெத். எங்கட குசினியிலும் அப்பிடித்தான், வெங்காயம் உரிக்கிறவன் ஒருத்தன், பாராட்டு வாங்கிறவன் இன்னொருத்தன்.

நாகத்தின் மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று கல்மெத் நம்பினார். பிழை. பிரேசிலில் வித்தல் பிரசில் என்பவர், அந்தந்தப் பாம்புக்கு அந்தந்த மருந்துதான் என்று நிரூபித்தார். இலங்கைக்கு நெடுங்காலமாக வந்தது இந்தியப் பாம்புகளின் விசத்தில் செய்த மருந்து. நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை நாலுக்கும்தான் அது.

பெரியப்பாவுக்கு மந்திரித்துக்கொண்டிருந்ததில் காலமை போச்சு. ஆனால் கட்டுவிரியன் விசம் நரம்பு நுனியைச் சிதைத்த பிறகு மருந்து ஏற்றினாலும் உடனே மீளாது, நாள்கணக்கில் மெசினால் மூச்சுக் குடுக்கவேணும். அப்ப யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை.