கூதிர்க்கால இல்லம்: நெடுநல்வாடை வழியே ஒரு வீட்டு வரலாறு

தமிழிலக்கியம் பயிலும் நம் மாணவர்களிடம் ஆறு பெரும்பொழுதுகள் யாவை எனக் கேட்டால், கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தடையின்றி ஒப்புவிப்பர். கூதிர்க்காலத்தில் மக்கள் வீட்டினுள் எவ்வாறு வாழ்ந்தனர் என அடுத்துக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இதில் வியப்பில்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாய் வாழும் நாட்டில் பருவங்களின் பெயர்கள் தேர்வுக்குரிய பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. தமிழர் வெப்ப நாட்டினர், வீட்டை வெம்மையாக வைத்துக்கொள்ளும் தேவை அவர்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்னும் எண்ணமும் நம்மிடையே ஊன்றியிருக்கிறது. அவ்வெண்ணத்தைப் பழம்பாட்டு ஒன்றின் துணைகொண்டு சோதித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

குளிர் என்பது யாது?

கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவம். அப்போது வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொணரும். வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றுக்கு வாடை என்று பெயர். அதற்கடுத்த மார்கழி, தை மாதங்களிலும் மதுரையின் இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். ஐரோப்பியர் ஒருவருக்கு அது இனிய இளவேனில் இரவாகத் தோன்றும். அவ்வாறிருக்க, சங்கப் புலவர்கள் பற்கள் நடுங்கும் குளிரைப் பாடியது மிகைக்கூற்றாகுமா?

இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு சனவரியில் சிங்கப்பூரின் வெப்பநிலை சில நாள் 21, 22 பாகைக்கு இறங்கியபோது நாம் போர்வையையும் கம்பளிச் சட்டையையும் தேடினோம். சன்னல்களைச் சாத்தினோம். அப்போது வீசியதும் அதே வடகிழக்குப் பருவக்காற்றே. காற்றோட்டத்திற்கென்றே கட்டப்பட்ட வீடு, ஈரக்காற்று புகும்போது தன் குடிகளைக் காக்க இயலாமல் தவிக்கிறது. ஆகவே குளிரை வெப்பமானியின் எண்ணால் மட்டும் அளந்துவிட முடியாது. எந்தப் பருவத்திற்கென வீடு கட்டப்பட்டதோ அப்பருவம் மாறும்போதுதான் குளிர் வீட்டினுள் நுழைகிறது. இதனை மனத்திற்கொண்டு பாட்டை அணுகுவோம்.

பாட்டு என்னும் சான்று

நெடுநல்வாடை பத்துப்பாட்டுள் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பதிப்பித்தபின் இப்பாட்டு கற்போர் அனைவர்க்கும் எட்டியது. போர்க்களம் சென்ற தலைவனையும் அவனைப் பிரிந்து வருந்தும் தலைவியையும் பாடுவது அதன் பொருள். ஆயினும் அப்பிரிவைச் சொல்லுமுன் புலவர், கூதிர்க்காலம் ஒரு நகரத்தின் வீடுகளை எவ்வாறு மாற்றியமைத்தது என்பதைப் பொருள் பொருளாக எண்ணிக் காட்டுகிறார்.

மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் செங்கற் கட்டுமானங்களையும் கூரை ஓடுகளையும் உறைகிணறுகளையும் வெளிப்படுத்தியுள்ளன. அவை வீட்டின் உடலைக் காட்டுகின்றன. மழை பெய்த மாலையில் அவ்வீட்டார் எதைத் திறந்தனர், எதை மூடினர், எதனருகே அமர்ந்தனர் என்பதைச் செங்கல் சொல்லாது. அதைச் சொல்லப் பாட்டு வேண்டும்.

பயன்படாப் பொருள்களின் பட்டியல்

நக்கீரர் கையாளும் முறை நுட்பமானது. குளிர் மிகுதி என்று கூறி அமையாமல், குளிரால் பயனற்றுக் கிடக்கும் பொருள்களை அவர் வரிசைப்படுத்துகிறார். வடநாட்டிலிருந்து வந்த வட்டக்கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் தீண்டுவாரின்றிக் கிடக்கின்றன. கைவல்ல கம்மியர் செய்த விசிறிகள் முளையில் தொங்குகின்றன. அவற்றில் சிலந்தி வலை பின்னிவிட்டது. மேல்மாடத்தில் வேனிற்காலப் படுக்கையறை உண்டு. தென்றல் புகும் வழிகள் அதற்கு உண்டு. இப்போது அதன் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. மகளிர் கூந்தலில் மிகுதியாக மலர் சூடுவதில்லை, அகிற்புகை ஊட்டுகின்றனர்.

இப்பொருள்கள் அனைத்தையும் இணைக்கும் இழை ஒன்றுண்டு. அரைத்த சந்தனம் உலரும்போது உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். மலர்களின் ஈரமும் அவ்வாறே. விசிறி உடலைச் சூழ்ந்துள்ள வெம்மையான காற்றை அகற்றும். தென்றல் வரும் வழியும் அப்பணியையே செய்யும். அதாவது, ஒரு வீடு தன்னைக் குளிர்விக்க வைத்திருந்த கருவிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓய்வுபெறுகின்றன. வீட்டை வெம்மையாக வைக்கும் முதற்படி, வெம்மையை வெளியேற்றுவனவற்றை நிறுத்துவதே. இன்று குளிர்நாடுகளில் பழைய வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் கதவிடுக்கை அடைத்து, கனத்த திரைச்சீலை தொங்கவிடுவதும் இதே நெறியைப் பின்பற்றியே.

தடவு

அடுத்துப் புலவர் இரண்டு கலங்களை அருகருகே வைத்துக் காட்டுகிறார். ஒன்று குறுகிய வாயுடைய தண்ணீர்க் கலம். அதிலுள்ள குளிர்ந்த நீரை எவரும் பருகவில்லை. மற்றொன்று அகன்ற வாயுடைய தடவு, அதாவது கனல் இடும் சட்டி. அதன் செந்நெருப்பின் வெம்மையை அனைவரும் நுகர்கின்றனர். குறுகிய வாய் நீரைத் தூசு படாமல் காக்கும். அகன்ற வாய் கனலின் வெப்பத்தை நாற்புறமும் பரப்பும். குயவர் கையில் உருவான இவ்விரு வடிவங்களிலும் இரு பருவங்களின் தேவை பொதிந்துள்ளது.

இசையும் குளிரிலிருந்து தப்பவில்லை. யாழ் நரம்பு தன் பண்பு திரிந்ததால், ஆடல் மகளிர் அதனை மார்போடு அணைத்து வெம்மையூட்டிய பின்னரே பண்ணுக்கு ஏற்ப அமைத்தனர்.

நெடுநல்வாடை தனிச்சான்று அன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலும் மதுரை மாந்தர் கூதிரில் சிறு சாளரங்களை அடைக்கின்றனர். முன்பனியில் முற்றத்து இளவெயிலை நுகர்கின்றனர். திருக்குறளின் 691ஆம் குறள், அரசரோடு பழகுவோர் மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருத்தல் வேண்டும் என்பதற்குத் தீக்காய்வாரை உவமையாக்குகிறது. கற்போர் அறியாத ஒன்றை எவரும் உவமையாக்குவதில்லை. தீயருகே அமர்ந்து உரிய தொலைவை உடலால் உணர்ந்த மக்களுக்கே அக்குறள் உடனே விளங்கியிருக்கும். ‘குளிர் காய்தல்’ என்னும் வழக்கு இன்றும் நம் பேச்சில் வாழ்கிறது. பிறர் துன்பத்தில் பயன் தேடுவோரைச் சுட்டவே அதனைப் பெரிதும் ஆள்கிறோம். தீ மறைந்தது, சொல் எஞ்சியது.

அறையைச் சூடாக்கலும் ஆளைச் சூடாக்கலும்

தடவு வீடு முழுவதையும் சூடாக்காது. அருகில் அமர்ந்தவரையே சூடாக்கும். உலகின் பிற பகுதிகளில் வேறு வழிகள் தோன்றின. உரோமானியர் குளியற் கூடங்களிலும் செல்வர் மனைகளிலும் தரையைச் சிறு செங்கல் தூண்கள்மீது நிறுத்தி, அதன்கீழ் வெப்பக்காற்றைச் செலுத்தினர். கொரிய நாட்டு மரபு வீட்டில் அடுக்களைத் தீயின் புகையும் வெப்பமும் கற்பலகைத் தரையின் அடியில் ஓடிப் பின் புகைபோக்கி வழியே வெளியேறும். ‘ஓண்டோல்’ எனப்படும் அம்முறையில் சோறு சமைத்த தீயே படுக்கையையும் சூடாக்கியது. அதே வீட்டில் கோடைக்கென மரப்பலகைத் திண்ணையும் இருந்தது. மதுரை மாளிகையின் வேனிற்பள்ளியைப் போலவே அங்கும் ஒரு கூரையின்கீழ் இரு பருவங்களுக்கான இரு வீடுகள் அமைந்தன.

தமிழகத்திற்குள்ளேயே நீலகிரித் தோடர் குடில் மற்றொரு விடை. பாதிப் பீப்பாய் போல் வளைந்த புற்கூரை, சாளரம் இல்லாத சுவர், தவழ்ந்தே நுழையக்கூடிய ஏறத்தாழ 3 அடி உயர வாயில், உள்ளே அடுப்பு. ஆண்டின் பெரும்பகுதி குளிராக இருப்பதால் அங்கு வீடே போர்வையாயிற்று. மதுரையில் குளிர் சில திங்களே. ஆதலின் வீட்டை மாற்றிக் கட்டாமல் பழக்கத்தை மாற்றிக்கொண்டனர். இதனை அறியாமையின் விளைவு என்பது பொருந்தாது. செலவையும் பருவத்தின் நீளத்தையும் எடைபோட்டு எடுத்த முடிவாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

வெம்மை யாருக்கு?

பாட்டின் தொடக்கத்திற்கு மீள்வோம். முதலில் வருவோர் வீட்டார் அல்லர். வெள்ளத்திற்கு அஞ்சித் தம் நிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்ற கோவலர். அவர்களுக்குச் சுவருமில்லை, தாழிடக் கதவுமில்லை. பலர் கூடிக் கொள்ளித் தீயில் கைகாய்ந்தும் அவர்கள் நடுங்குகின்றனர். அடுத்து நகரத்தார், அவர்களுக்குத் தடவு உண்டு. இறுதியில் அரசியின் அரண்மனை. நூல் பிடித்துத் திசையளந்து கட்டிய உயர்ந்த மாளிகை, வேலைப்பாடமைந்த கட்டில், சூழ்ந்து நின்று தேற்றும் முதிய மகளிர் என எல்லாம் அங்கு உண்டு. ஆயினும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. அரசனோ பாசறையில், நள்ளிரவில், தூறல் நனைக்கப் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறி நடக்கிறான். அங்குள்ள விளக்குகளின் சுடர் வாடை வீசுந்தோறும் தெற்கு நோக்கிச் சாய்கிறது.

தீயும் கதவும் தரும் வெம்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதையும், அவை தரமுடியாத வெம்மை ஒன்று உண்டு என்பதையும் நக்கீரர் ஒருசேரக் காட்டிவிடுகிறார். வீட்டுப் பொருள்களை அத்துணை நுணுக்கமாக அவர் எண்ணியது இதற்காகவே. குறைவற்ற வீட்டை முதலில் கட்டினால்தான், அதில் இல்லாத ஒருவரின் இடம் கண்ணுக்குப் புலப்படும்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கூதிரைப் பட்டியலில் ஒரு சொல்லாக மட்டும் கற்பிக்காதிருப்போம். மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருள்கள் யாவை, அவை ஏன் கிடக்கின்றன என்று மாணவர்களை எழுதச் சொல்வோம். ஓடாத மின்விசிறியிலும் மூடிய சன்னலிலும் அவர்கள் தொடங்குவர். அதன்பின் சிலந்தி வலை பின்னிய அப்பழைய விசிறியைக் காட்டினால், நூற்றாண்டுகள் பல கடந்த அந்த வீட்டின் கதவு அவர்களுக்கும் திறக்கும்.