வானை வாசித்தோர்

விமானத்தளத்தின் வேலியோரத்தில் நின்று, வந்திறங்கும் விமானத்தின் வகையையும் வாலில் உள்ள பதிவெழுத்தையும் குறித்து, அரிய விமானமாயின் படமும் எடுப்போரை மேலைநாடுகளிற் பரவலாகக் காணலாம். இதனை வேலையற்றோரின் விநோதமெனக் கொள்வோர் நம்மிடையே உளர். ஆயின், இப்பழக்கம் பெருகிய வரலாறும் அது நமது நாட்டோடு கொண்ட தொடர்பும் வேறொரு முடிபுக்கே இட்டுச் செல்கின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவின் கரையோர ராடார் நிலையங்கள் கடல் நோக்கியே அமைந்திருந்தன. கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் நுழைந்த விமானங்களைக் கண்ணாலும் காதாலும் தொடரும் பொறுப்பு அவதானிப்போர் படையினருக்குரியதாயிற்று. 1941இல் அப்படைக்கு அரச பட்டம் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் விமானங்களை இனங்காணப் பயிற்றும் தனி இதழொன்றும் வெளிவரலாயிற்று. இறகின் அமைப்பு, வாலின் வடிவம், இயந்திரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பள்ளிச் சிறுவரும் மனனம் செய்தனர். 1948இல் அவ்விதழ் நின்றது, பழக்கம் நிலைத்தது.

இவ்வறிவின் பெறுமதியை இலங்கை 1942இற் கண்டது. ஏப்பிரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா கடல்விமானத்தில் கனடிய விமானி லெனாட் பேச்சால் ரோந்து சென்றார். இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில், அடிவானத்திற் சில புள்ளிகள் தென்பட்டன. அவை எவருடைய கப்பல்கள், எத்தகையன என்பதை அறிய அவர் மேலும் அண்மித்தார். அவை யப்பானியக் கப்பற்படையைச் சேர்ந்தவை. செய்தி அனுப்பப்பட்டுக் கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியோர் சிறைப்பட்டனர். காண்பது வேறு, இனங்காண்பது வேறு. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க அவர்கள் கொடுத்த விலை பெரிது.

மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. தொலைவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தும், அண்மையிலான எச்சரிக்கை தவறியமையால் இரத்மலானையில் நின்ற போர்விமானங்கள் எதிர்பாராத நிலையில் அகப்பட்டன. ஏப்பிரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

இப்போர் கண்டியையும் விட்டுவைக்கவில்லை. பெரிய விமானத்தளம் எதுவுமற்ற இம்மலைநகருக்கு 1944 ஏப்பிரலில் மௌன்ட்பேற்றனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் புதுடில்லியிலிருந்து வந்தது. பேராதனைப் பூங்காவில் அது இயங்கியது. அப்பிராந்தியத்தின் வானப்படைக் கட்டளையும் கண்டியிலேயே அமைந்தது. இம்பால் முற்றுகையிற் சிக்கிய படைகளுக்கு உணவும் வெடிபொருளும் வானூர்திகள் மூலமே சென்ற காலமது. எட்டாண்டுகளின் பின், 1952இல், அப்பூங்காவின் அயலிலேயே பல்கலைக்கழகம் குடிபுகுந்தது. ஆயினும் அயலில் நிகழ்ந்த அவ்வரலாற்றை நம்மில் எத்துணைப் பேர் அறிவர்?

வானை வாசிக்கும் கலையை நம்மவர் பின்னொரு காலத்தில் நூலின்றியே கற்றனர். உள்நாட்டுப் போரின்போது வடக்கு, கிழக்கு மக்கள் ஒலியைக் கொண்டே விமானத்தை வேறுபடுத்தினர். இத்தாலியத் தயாரிப்பான சியாய் மார்க்கெற்றி அவர்கள் நாவிற் ‘சியாமாசெட்டி’ ஆயிற்று. குண்டு வீசப் பயன்பட்ட சரக்கு விமானம் ‘சகடை’ எனப்பட்டது. 1996இல் வானப்படையிற் சேர்க்கப்பட்ட ‘கிபிர்’, வேகத்தால் அச்சந் தந்தது. ஆளில்லா வேவு விமானம் ‘வண்டு’ எனப் பெயர் பெற்றது. பதுங்குகுழிக்கு ஓடுவதா, அடுப்படியில் நிற்பதா என்பதை அவ்வொலியே தீர்மானித்தது. பிரித்தானியச் சிறுவன் இதழிற் பயின்றதை நமது சிறுவன் உயிரச்சத்தாற் பயின்றான்.

எனினும், இவ்வறிவுக்குப் படச்சான்றுகள் அரிது. போர்க்காலத்தில் விமானத்தளத்தருகே கமரா ஏந்துவது ஐயத்துக்குரிய செயல். அமைதி நிலவிய கிரேக்க நாட்டிற்கூட, 2001இல் வானப்படைத் தளத்தில் விமானங்களைக் குறித்துக்கொண்ட பிரித்தானியரும் ஒல்லாந்தரும் உளவாளிகளெனக் கைதாகினர். 2002 ஏப்பிரலில் தண்டனை பெற்ற அவர்கள் அவ்வாண்டின் நவம்பரிலேயே விடுதலையாயினர். பாதுகாப்பை முன்னிட்டு விதிக்கப்படும் தடைகளை மதித்தே ஆகவேண்டும். ஆயினும் அத்தடைகளின் விளைவாக, வானின் வரலாறு அரசுகளின் கோப்புகளில் மட்டும் எஞ்சுகின்றது. கீழே நின்றவரின் பார்வை அழிகின்றது.

அப்பார்வையைத் தேடித் தொகுப்பது பல்கலைக்கழகத்தின் கடன். ஒலியால் விமானத்தைப் பிரித்தறிந்த தலைமுறை முதுமை எய்திவருகின்றது. அவர்கள் வழங்கிய பெயர்களையும், எந்நாளில் எவ்வூரின் மீது எத்திசையிலிருந்து எது வந்தது என்ற நினைவுகளையும் மாணவர் எழுதிப் பதிதல் வேண்டும். இன்றைய காட்சிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. 1976இல் நிறைவுற்ற பொல்கொல்லை அணைக்கட்டின் நீர்ப்பரப்பில் அண்மை ஆண்டுகளில் மிதவை விமானங்கள் இறங்கியுள்ளன. அவற்றைப் படமெடுப்பவர் நாள், நேரம், இடம், பதிவெழுத்து ஆகியவற்றையும் உடன் குறிப்பாராயின், இன்றைய பொழுதுபோக்கு நாளைய ஆய்வாளனுக்கு ஆவணமாகும். குறிப்பில்லாத படம் வெறும் வானையே காட்டும்.